ஆறு சொல்லிவிட்டு வரும். வாய்க்கால் சொல்லாமல் வரும்!

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வெள்ளப் பாடம்

மதுரைக்கு அழகு எது? மீனாட்சி அம்மன் கோவில். மதுரைக்கு உயிர் எது? வைகை ஆறு.

அந்த வைகையின் தென் கரையில், கோவிலுக்கு வடக்கே, சிம்மக்கல் இருக்கிறது. அங்கே கல்லில் செய்த சிங்கச் சிலை ஒன்று உண்டு. அதனால்தான் அந்தப் பெயர். பக்கத்திலேயே யானைக்கல். அதற்கும் கல் யானைதான் காரணம். சிங்கமும் யானையும் காவல் இருக்கும் இடத்தில்தான் ஊர் ஆற்றைத் தொடுகிறது.

சிம்மக்கல்லில் பிறந்த பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கும் ஆறு எப்படி இருக்கும்? ஆண்டில் பல மாதம் மணலும் செடியும் புல்லும்தான் தெரியும். மாடு மேயும். துணி காயும். பையன்கள் பந்து விளையாடுவார்கள். "அப்பா, இதுவா ஆறு?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.

அங்கேதான் அபாயம் இருக்கிறது!

எப்பொழுதும் தண்ணீர் ஓடும் ஆற்றைப் பார்த்தால் பிள்ளை தானே பயப்படும். காய்ந்து கிடக்கும் ஆற்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? விளையாடிப் பழகிய இடத்தில் ஒரு நாள் தண்ணீர் வருகிறது. பிள்ளைக்கு அது புது விளையாட்டு. தாய்க்கு அது நெஞ்சில் நெருப்பு.

ஆகவே, ஆற்றங்கரையில் பிள்ளை வளர்க்கும் குடும்பம் ஒரு பாடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளம் இரண்டு வகை. ஒன்று ஆற்று வெள்ளம். மற்றொன்று வாய்க்கால் வெள்ளம். ஆறு சொல்லிவிட்டு வரும். வாய்க்கால் சொல்லாமல் வரும்!

திருநாள் மாதமே மழை மாதம்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவ மழை அக்டோபரில் தொடங்கும். டிசம்பர் வரை பெய்யும். இந்த 3 மாதத்தில்தான் தீபாவளி வரும். கார்த்திகை வரும். நவம்பர் 2-ந் தேதி கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாளுக்குப் போவார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரும்.

அதாவது, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வெளியே கிளம்பும் மாதங்களும், வெள்ளம் வரும் மாதங்களும் ஒன்றேதான்.

சிம்மக்கல்லில் இருக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழவெளி வீதியில் உள்ள மரியன்னை பேராலயத்துக்குப் பூசை காணப் போவார்கள். கைக்குழந்தை தாயின் தோளில் இருக்கும். மூத்த பிள்ளை தகப்பன் கையைப் பிடித்திருக்கும். அப்பத்தா பின்னால் வருவார். பூசை முடிந்தால் பலகாரக் கடை. விடுமுறை நாளில் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்று தோன்றும். புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

எங்கே போவார்கள்? ஆற்றோடு போனால் இடைக்காட்டூர்!

செங்கல்லில் ஒரு அதிசயம்

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சுமார் 36 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது இடைக்காட்டூர். அங்கே உள்ள திரு இருதய ஆலயத்தைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த பெர்டினாண்டு செல் என்ற பாதிரியார் அதைக் கட்டினார். ஆண்டு 1894. பிரெஞ்சு தேசத்தில் ரீம்ஸ் என்ற ஊரில் புகழ் பெற்ற மாதா கோவில் உண்டு. அதைப் பார்த்து இதைக் கட்டினார்கள். விதவிதமான அச்சில் வார்த்துச் சுட்ட மண் கல்லால் எழுந்த கோவில் இது.

பிள்ளைகளுக்கு இந்தப் பயணமே ஒரு பள்ளிக்கூடம். வழியில் சிலைமான் வரும். அதை அடுத்து கீழடி. வைகைக் கரையில் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன்பே ஜனங்கள் வீடு கட்டி வாழ்ந்ததை அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2023 மார்ச் 5-ந் தேதி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாடிய வட்டச் சில்லுகளைக்கூட அங்கே பார்க்கலாம்.

பெரியவர்கள் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. கீழடியில் உறைகிணறு கிடைத்தது. தண்ணீர் போகும் வடிகாலும் கிடைத்தது. சுட்ட மண் குழாயும் கிடைத்தது. ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள் தண்ணீர் உள்ளே வர வழி வைத்தார்கள். வெளியே போகவும் வழி வைத்தார்கள். இந்த இரண்டாவது வழியைத்தான் பிற்காலத்தில் பலர் மறந்துவிட்டார்கள்.

சுவரில் தானியம் வைத்த சித்தர்

இடைக்காட்டூரில் மாதா கோவில் மட்டும் இல்லை. இடைக்காடர் என்ற சித்தர் வாழ்ந்த ஊர் அது என்றும் சொல்வார்கள். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

இடைக்காடர் ஆடு மேய்த்தவர். 12 ஆண்டு பஞ்சம் வரப் போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஊரார் சிரித்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. எந்தக் காலத்திலும் காயாத எருக்க இலையைத் தின்ன ஆடுகளைப் பழக்கினார். குருவரகைச் சேற்றில் குழைத்து வீட்டுச் சுவர் எழுப்பினார்.

பஞ்சம் வந்தது. மற்ற ஆடுகள் மடிந்தன. இவருடைய ஆடுகள் எருக்க இலையைத் தின்று பிழைத்தன. எருக்கு தின்றதால் உடம்பு அரித்தது. சுவரில் போய் உரசின. சுவரிலிருந்து வரகு உதிர்ந்தது. ஆட்டுப் பாலில் அதைக் காய்ச்சிக் குடித்து அவரும் பிழைத்தார். அதைப் பார்க்க நவக்கிரகங்களே வந்தன. அவர் விருந்து வைத்தார். அவை சாப்பிட்டு அயர்ந்து தூங்கின. மழை பெய்யும்படி அவற்றை இடம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டார் சித்தர். மழை கொட்டியது!

இது கதைதான். ஆனால் கதைக்குள் ஒரு கருத்து இருக்கிறது. வரப் போவதை அறிந்தவன் வருவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்கிறான். பஞ்சத்துக்கும் அதுதான் வழி. வெள்ளத்துக்கும் அதுதான் வழி.

ஆறு எப்படிச் சொல்லும்?

வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. சுமார் 258 கிலோ மீட்டர் ஓடுகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களுக்கும் அதன் தண்ணீர் போகிறது.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை இருக்கிறது. 1959 ஜனவரி 21-ந் தேதி காமராஜர் அதைத் திறந்து வைத்தார். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் இந்த அணைக்கு வருகிறது. பென்னிகுக் கட்டிய அந்தப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது.

வைகை அணை நிறையும்போது 3 முறை குரல் கொடுக்கும்.

நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 68½ அடியைத் தொட்டால் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடியைத் தொட்டால் மூன்றாவது எச்சரிக்கை. அதன் பிறகு வரும் உபரித் தண்ணீர் ஆற்றில் விடப்படும்.

இந்த 3 எண்களையும் கரையோரத்துக் குடும்பம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் வீட்டில் ஒரு வேலை உண்டு.

66 அடி என்றால், "ஆற்றில் இனி விளையாட்டு இல்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆடு மாடு இருந்தால் கரை ஏற்ற வேண்டும்.

68½ அடி என்றால், முக்கியமான சாமான்களை மேலே ஏற்ற வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டுத் தயாராக வைக்க வேண்டும்.

69 அடி என்றால், ஆற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் கிளம்ப ஆயத்தமாக இருக்க வேண்டும். போ என்று அதிகாரிகள் சொன்னால் உடனே போய்விட வேண்டும்.

பத்திரிகையில் "வினாடிக்கு 1,000 கன அடி தண்ணீர்" என்று போடுகிறார்கள். அது எவ்வளவு? ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது ஏறக்குறைய 2 குடம். ஆகவே 1,000 கன அடி என்றால், நீங்கள் ஒரு முறை கண் மூடித் திறப்பதற்குள் 2,000 குடம் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது என்று அர்த்தம்!

அணையில் திறந்த தண்ணீர் மதுரைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ஆறு தரும் அவகாசம் அதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அணைக்குக் கீழேயும் மழை பெய்யும். அங்கே உள்ள காட்டாறுகள் வைகையில் வந்து சேரும். அந்தத் தண்ணீர் அணையைக் கேட்டுக்கொண்டு வராது.

பாலம் இருக்கும்போது தரைப்பாலம் எதற்கு?

சிம்மக்கல் பக்கத்தில் ஆற்றைக் கடக்க ஏ.வி. பாலம் இருக்கிறது. ஆல்பர்ட் விக்டர் என்ற ஆங்கில இளவரசரின் பெயர் அதற்கு. 1889-ல் திறந்த பாலம். அதற்குப் பக்கத்தில் யானைக்கல் தரைப்பாலம். அது தாழ்வானது. வைகையில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். போலீசார் உடனே தடுப்பு வைத்துவிடுவார்கள்.

சிலர் அந்தத் தடுப்பைத் தாண்டிப் போகிறார்கள். "முழங்கால் தண்ணீர்தானே!" என்கிறார்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை உட்கார மோட்டார் சைக்கிளை விடுகிறவர்களும் உண்டு.

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளைத் தடுமாற வைத்துவிடும். 2 அடி இருந்தால் மோட்டார் காரையே இழுத்துக்கொண்டு போகும். பிள்ளையின் கதி என்ன?

15 நிமிடத்தில் நடந்தது

இனி வாய்க்காலைப் பார்க்கலாம்.

2024 அக்டோபர் 25-ந் தேதி. வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் 6 நாட்கள்தான் இருந்தன. பிற்பகல் 3 மணி. பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் மழை பிடித்தது.

அன்று 15 நிமிடத்தில் மட்டும் 4½ சென்டி மீட்டர் மழை கொட்டியது! அன்றைய மொத்த மழை 9.8 சென்டி மீட்டர். மதுரையில் அக்டோபர் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்தது 1955-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று செய்தி வந்தது.

15 நிமிடத்தில் 4½ சென்டி மீட்டர் என்றால் என்ன? 1,000 சதுர அடி உள்ள ஒரு மொட்டை மாடியில் மட்டும் 4,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுந்தது என்று அர்த்தம். சுமார் 300 குடம்! ஒரு மாடிக்கு இவ்வளவு என்றால், ஒரு தெருவுக்கு எவ்வளவு? ஒரு ஊருக்கு எவ்வளவு?

சிம்மக்கல்லுக்கு நேர் எதிரே, ஆற்றின் வட கரையில் இருக்கிறது செல்லூர். அங்கே உள்ள கண்மாய்க்கு வடக்கே உள்ள பல கண்மாய்களின் தண்ணீர் வந்து சேர்கிறது. அந்தத் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். வாய்க்கால் தாங்கவில்லை. தண்ணீர் தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்தது. செல்லூர் கட்டபொம்மன் நகர் முதலிய இடங்களில் ஜனங்கள் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

கவனியுங்கள். வைகை அணை அன்று எந்த எச்சரிக்கையும் கொடுத்து ஊரை எழுப்பவில்லை. 66 அடி, 68½ அடி, 69 அடி என்ற கணக்கு எதுவும் அங்கே உதவவில்லை. ஆறு ஊருக்குள் வரவில்லை. ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர்தான் போக வழி இல்லாமல் வீட்டுக்குள் வந்தது!

செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை 11 கோடியே 90 லட்சம் ரூபாயில் சிமெண்டுக் கால்வாய் கட்ட அதன் பிறகு அரசு உத்தரவிட்டது.

மதுரையின் வடபகுதியில் உள்ள இடங்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், பீபீகுளம், ஆலங்குளம். எல்லாப் பெயரிலும் குளம் இருக்கிறது. பெயரில் குளம் உள்ள இடத்தில் குடியிருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "மழைத் தண்ணீர் இந்த இடத்தைத் தேடி வந்தால் எந்த வழியாக வெளியே போகும்?" வாய்க்காலில் குப்பையைக் கொட்டுகிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. வாய்க்காலில் போட்ட குப்பைப் பை மழை நாளில் வாசலுக்குத் திரும்பி வரும்!

கோவிலுக்குப் போனவர்களின் ரெயில்

வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வெள்ளமா? இல்லை. பயணம் போனவர்களையும் அது பிடித்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு 8 நாட்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் பெய்தது. 3 வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு எக்ஸ்பிரஸ் ரெயில் கிளம்பியது. சுமார் 800 பிரயாணிகள். அவர்களில் கோவிலுக்கு வந்து திரும்பியவர்கள் உண்டு. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. பின்னாலும் போக முடியவில்லை.

ஒரு பகுதியினரைப் பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். மற்றவர்கள் ரெயிலிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். இரவு போயிற்று. பகல் போயிற்று. மறுபடியும் இரவு வந்தது.

அப்பொழுது யார் வந்தார்கள் தெரியுமா? பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள் வந்தார்கள். அவர்களும் மழையில் அவதிப்பட்டவர்கள்தான். கையில் இருந்த அரிசியையும் காய்கறியையும் போட்டுக் கோவிலில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். முன்பின் தெரியாத பிரயாணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். பிறகு ஹெலிகாப்டரில் உணவு வந்தது. மீட்புப் படையினர் வந்தார்கள். டிசம்பர் 19-ந் தேதி எல்லோரும் மீட்கப்பட்டார்கள்.

மழைக் காலத்தில் பிள்ளைகளோடு மாதா கோவிலுக்கோ, திருச்செந்தூருக்கோ, நாகூருக்கோ போகலாமா? போகலாம். கிளம்பும் முன்பு வானிலைச் செய்தியைக் கேளுங்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனம். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் தயார் நிலை. சிவப்பு எச்சரிக்கை என்றால் 20 சென்டி மீட்டருக்கு மேலும் மழை பெய்யக் கூடும். அன்று பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சாமி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்! ஒரு நாள் பயணம் என்றாலும் 2 நாளைக்கு வேண்டிய குழந்தைப் பாலும் மருந்தும் பையில் இருக்கட்டும்.

உலகம் கற்ற பாடம்

1953 ஜனவரி 31-ந் தேதி இரவு, ஹாலந்து தேசத்தில் புயலில் கடல் பொங்கிக் கரையை உடைத்தது. அது சனிக்கிழமை இரவு. நடு இரவில் ரேடியோ நிலையங்கள் மூடிவிட்டன. எச்சரிக்கை வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. 1,836 பேர் மாண்டார்கள். எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதாது. அது காதில் விழ வேண்டும்!

அந்த ஹாலந்தில் இப்பொழுது பிள்ளைகள் நீச்சல் பரீட்சை எழுதுவது போல நடக்கிறது. ஜட்டியோடு நீந்தினால் பாஸ் இல்லை. சட்டையும் செருப்பும் போட்டுக்கொண்டு நீந்திக் காட்ட வேண்டும். ஏன்? தண்ணீரில் தவறி விழுகிற பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டா விழும்?

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 4-ல் ஒரு பங்கு 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள்!

வங்காள தேசத்தில் ஊரெல்லாம் குளம். அங்கே தாய் சமையலில் இருக்கும் காலை நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகமாக மூழ்கின. ஆகவே கிராமத்திலேயே குழந்தைக் காப்பகம் வைத்தார்கள். காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை ஊர்ப் பெண் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. இரண்டு கண்கள்தான்! அந்தக் காப்பகத்துக்குப் போன பிள்ளைகளில் மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது.

வெள்ள நாளில் வீட்டிலும் இதே வழிதான். பெரியவர்கள் எல்லோரும் சாமான் தூக்க ஓடக் கூடாது. ஒருவர் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பெட்டியைத் தூக்கக் கூடாது. செல்போனைப் பார்க்கக் கூடாது. "நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்" என்று கணவனும் மனைவியும் பிறகு அழுது பயன் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

தண்ணீர் வாசலுக்கு வந்தால் முதலில் மின்சார மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக் கூடாது.

தெருவில் தண்ணீர் நின்றால் பிள்ளைகளைக் கப்பல் விட அனுப்பாதீர்கள். தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி திறந்திருக்கலாம். அறுந்த மின்சாரக் கம்பி கிடக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை மழையில் தானே கிளம்பக் கூடாது. "நாங்கள் வரும் வரையில் டீச்சரோடு இரு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டு டெலிபோன் நம்பரைப் பாட்டு போலச் சொல்லிப் பழக்குங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. அவசர உதவிக்கு 112. இந்த 3 நம்பர்களையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகும் அபாயம் முடியவில்லை. வெள்ளத்தில் நனைந்த உணவைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும். ஆகவே காலில் புண் உள்ள பிள்ளை சேற்றில் இறங்கக் கூடாது. வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலை தட்டிப் போட்டுக் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

உங்கள் தெருவில் வந்தி யார்?

வைகை வெள்ளம் என்றால் மதுரை மக்களுக்கு ஒரு கிழவி ஞாபகம் வருவார். அவர் பெயர் வந்தி.

பாண்டியன் காலத்தில் வைகை பெருகியது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று அரசன் உத்தரவு போட்டான். ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து கொடுத்தார்கள். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு ஆள் இல்லை. பிள்ளை இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவபெருமானே கூலி ஆளாக வந்து மண் சுமந்தார் என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. ஆவணி மாதத்தில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் இந்தத் திருவிழா நடக்கிறது. பிரம்படி பட்ட கதையைச் சொல்லி ஜனங்கள் பிட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அந்தக் கதையில் அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் உள்ள சின்னச் செய்தியைப் பலர் கவனிப்பது இல்லை. கரை முழுவதும் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. ஒரு கிழவியின் பங்கு திறந்திருந்தால் போதும். ஊர் முழுவதும் மூழ்கும்!

ஒவ்வொரு தெருவிலும் ஒரு வந்தி உண்டு. கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணாக இருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணியாக இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் தாத்தாவாக இருக்கலாம். அணை 66 அடியைத் தொட்ட செய்தி அவர்கள் காதில் விழுந்ததா? வாய்க்கால் பெருகினால் அவர்கள் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர யார் போவார்கள்?

அதை வெள்ளம் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. மழைக்கு முன்னால் ஒரு மாலை நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்து, பேரைச் சொல்லி முடிவு செய்ய வேண்டும். வந்தியின் பங்கை அடைக்கச் சிவபெருமான் வந்தார். உங்கள் தெருவில் உள்ள வந்தியின் பங்கை அடைக்க நீங்கள்தான் போக வேண்டும்!